மாப்ள, மெயினை ஆஃப் பண்ணிட்டீகளா?

வாங்க மாப்ள, இப்படி உக்காருங்க. அந்த ரெஞ்சைக் கீழ வச்சிட்டே உக்காருங்க, அது ஒண்ணும் ஓடிப்போயிறாது. கண்ணுல திரை எடுத்துட்டுக் கறுப்புக் கண்ணாடியோட மூலையில கெடக்குற கெழவனுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனைச்சிருப்பீக. டாக்டரு கண்ணைக் கசக்காதேன்னுதேன் சொன்னாரு, காதைப் பொத்திக்கச் சொல்லல. குளிக்கிற ரூம்ல மொதல்ல டங்கு டங்குன்னு ஒரு சத்தம். பெறகு ஐயோன்னு ஒரு சத்தம். பெறகு சத்தமே இல்ல. அப்பத்தேன் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

கோவிச்சுக்காதீக. வீட்டு மாப்பிள்ளையைக் குத்தம் சொன்னா என் தம்பி பொண்டாட்டி எனக்குச் சோத்தை நிறுத்திருவா. அதனால நான் பாராட்டத்தேன் போறேன். உக்காந்த எடத்துல இருந்து அமெரிக்காக்காரன் பேங்குக் கணக்கையே சரிபண்றவுக நீங்க. குழாய் சொட்டுறதா உங்களுக்குப் பெரிசு? எனக்கும் அந்தப் போன்ல வீடியோ பாக்கத் தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிருக்க மாட்டேன். கண்ணாடி இருக்கு, பிளேடு இருக்கு, திரையை வீட்டுலயே எடுத்திருப்பேன்.

நெசமாச் சொல்றேன், சொட்டுற குழாய்க்கு ஆளைக் கூப்பிடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அது நீங்க செய்ய வேண்டிய சோலிதேன். மொட்டமாடியில டேங்குல இருந்து இந்த ரூமுக்கு எறங்குற கேட் வால்வை அடைங்க. குழாயைத் திறந்துவிட்டுப் பைப்புல நிக்கிற தண்ணி வடியிற வரைக்கும் பொறுமையா நில்லுங்க. வடியாம வந்துக்கிட்டே இருந்தா வால்வு சரியா அடையலைன்னு அர்த்தம்; அப்ப இன்னைக்கு அந்தக் குழாய் பக்கமே போகாதீக. அடுத்து, தரையில தண்ணி போற ஓட்டையில ஒரு பழைய துணியைத் திணிங்க. எதுக்குங்கிறீகளா? குழாய்த் தலையில ஒரு பொடி ஸ்குரூ இருக்கும். கழண்டதும் அது நேரா அந்த ஓட்டைக்குள்ளதேன் போகும். தரை முழுக்க எடம் கெடந்தாலும் அங்கிட்டுத்தேன் போகும். தலையை எடுத்துட்டு ஸ்பேனரைப் போட்டு ஸ்பிண்டிலைக் கழட்டினா, அதோட அடியில கறுப்பா ஒரு வாசர், நடுவுல வட்டமாப் பள்ளம் விழுந்து ஒக்காந்திருக்கும். அந்தப் பள்ளம் வழியாத்தேன் ராப்பூராவும் சொட்டியிருக்கு. அதைக் கையிலயே எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. வாயால அளவு சொல்லி வாங்கினா வீட்டுக்கு வந்ததும் சேராது, திரும்ப ஒரு நடை.

குழாயையே மாத்துறதா இருந்தா மரையில வெள்ளை டேப்பு சுத்துவீகள்ல, மரை உங்க மொகத்தைப் பாத்து இருக்கட்டும், கடியார முள்ளு போற பக்கமாச் சுத்துங்க. மாத்திச் சுத்துனா முறுக்க முறுக்க டேப்பு சுருண்டு வெளிய வந்துரும்.

இம்புட்டும் உங்க வீடியோக்காரனும் சொல்லியிருப்பான். அவன் சொல்லாதது ஒண்ணு இருக்கு. அவன் கழட்டிக் காட்டுற குழாய் வீடியோவுக்காக நேத்து மாட்டினது. இந்த வீட்டுக் குழாய்க்குள்ள போர்த் தண்ணி வருசக்கணக்கா உப்பைப் படிய வச்சிருக்கு. செவத்துக்குள்ள இருக்குறது பழைய இரும்புப் பைப்பு, துருப்பிடிச்சு மரையோட மரை இறுகிப்போயிருக்கும். ரெஞ்சைப் போட்டு முறுக்கும்போது குழாய் அசையாம, செவத்துக்குள்ள கிர்ருன்னு லேசா ஒரு ஓசை வந்தா அந்த நிமிசம் கையை எடுத்துரணும். அடுத்த முறுக்குல ஒடையிறது குழாய் இல்ல, உள்ள இருக்குற பைப்போட முனை. பெறகு டைல்ஸை ஒடைக்கணும். ஒடைச்சா அதே டைல்ஸ் கிடைக்காது, அந்தப் பூப்போட்டது இப்ப வர்றதில்லைன்னுருவான் கடைக்காரன். பிளம்பரு வந்து பைப்பை மாத்தணும், அவரு போனதும் கொத்தனார் வரணும், கொத்தனாரோட ஒரு சித்தாள் வரணும், இம்புட்டுப் பேருக்கும் நம்ம புள்ள டீ போடணும். பொடிக்காசு வாசருக்குப் பொறப்பட்ட பயணம். ஓசை வந்துச்சா வரலையான்னு நான் கேக்கப் போறதில்ல. வரலைன்னே வச்சுக்குவோம்.

அதனால, இது நமக்குச் செய்யத் தெரியுமாங்கிற ரோசனையை விடுங்க. தெரியும்னுதேன் எல்லா ஆம்பளையும் சொல்லுவான், அதுவும் பொண்டாட்டி பக்கத்துல நிக்கும்போது. தப்பாச் செஞ்சா அந்தத் தப்பு எங்க போய் ஒக்காரும்னு ரோசிங்க. வாசரைக் கோணலா வச்சா ராத்திரிக்குள்ள சொட்டிக் காட்டிக் குடுத்துரும். தாழ்ப்பாளைத் தப்பா அடிச்சா கதவு சாத்தாது. கொசுவலை, உப்பு அடைச்ச ஷவரு, ஆடுற கீலு, எல்லாம் இந்தச் சாதி. அசிங்கப்படுறதோட போச்சு. இன்னொரு சாதித் தப்பு செவத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், ஆறு மாசம் கழிச்சு அடுத்த ரூம்ல தலையைக் காட்டும். மூணாவது சாதி ஒண்ணு இருக்கு, அதைத் திருப்பிச் சரியாச் செய்ய நீங்க இருக்க மாட்டீக.

நேத்து ஃபேன் மெதுவாச் சுத்துதுன்னு ஏணியைத் தூக்கிட்டு வந்தீகளே, அதைச் சொல்றேன். பழைய மாடல் ஃபேன் வேகம் கொறைஞ்சா முக்காவாசி கெப்பாசிட்டருதேன். 2.5 மைக்ரோஃபேரடுன்னு பெரும்பாலும் அது மேலயே எழுதியிருக்கும். என்ன எழுதியிருக்கோ அதையே வாங்கணும். பெருசாப் போட்டா இன்னும் வேகமாச் சுத்தும்னு ஒருத்தன் சொல்லுவான், காயில் சூடேறிக் கருகுறப்ப அவன் பக்கத்துல இருக்க மாட்டான். ரிமோட்டு ஃபேனா இருந்தா உள்ள இருக்குறது சர்க்யூட் போர்டு, அதுல நமக்குச் சோலி இல்ல.

நான் உங்களைக் கேட்டேன், மாப்ள மெயினை ஆஃப் பண்ணிட்டீகளான்னு. பண்ணிட்டேன் மாமான்னு ஒரு அடி ஒசந்து நின்னு சொன்னீக. சரி. நம்ம வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குல்ல? மெயின் போனதும் அது என்ன நெனைக்கும்? ஆகா, கரண்டு போச்சு, மாப்பிள்ளைக்கு வேர்க்குமேன்னு பதறிப்போய் ஃபேனுக்கும் லைட்டுக்கும் பேட்டரியில இருந்து கரண்டைக் குடுக்கும். அதுவும் முழு 230 வோல்ட்டு. நீங்க ஏணி மேல, மெயினு கீழ, ரெண்டுக்கும் நடுவுல அந்த விசுவாசி. அதையும் சேத்து அமத்தணும்.

சுவிட்சை அமத்துனாப் போதாதான்னு கேப்பீக. சுவிட்சை ஃபேஸ்ல போடாம நியூட்ரல்ல போட்டு வச்ச வீடு நம்ம பக்கம் எம்புட்டோ கெடக்கு. ஃபேன் நிக்கும், வயர்ல கரண்டு நிக்காது. டெஸ்டர் எரியலையேன்னும் நம்பாதீக. அமத்துறதுக்கு முன்னாடி அதே டெஸ்டர் ஒரு நல்ல பிளக்குல எரிஞ்சதான்னு பாத்தீகளா? செத்த டெஸ்டர் எங்க வச்சாலும் எரியாது.

பெறகு அந்த எம்சிபி. அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஒண்ணாப் போட்டா டப்புன்னு விழுதுன்னு நம்ம புள்ள சொன்னா. உடனே நீங்க, 16 ஆம்பியரை எடுத்துட்டு 32 போட்டுரலாம்னீக. அந்தக் காலத்துலயும் இப்படி வீரருக இருந்தாக. ஃபியூஸ் கட்டையில இருக்குற மெல்லிசுக் கம்பி அடிக்கடி போகுதுன்னு மொத்தமான செம்புக் கம்பியை முறுக்கி வச்சுட்டு, இனிமே போகவே போகாதும்பாக. ஃபியூஸ் போகாதுதேன். விட்டத்துல ஓடுற வயரு போகும், அதோட விட்டமும் போகும். எம்சிபி விழுறது கோளாறு இல்ல மாப்ள, அதோட வேலையே அதுதேன். உள்ள ஓடுற வயரு தாங்குற அளவுக்கு அளந்து போட்டிருக்கான். வயரை அப்படியே விட்டுட்டு காவக்காரனை மட்டும் மாத்தினா, வயரு செவத்துக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும், காவக்காரன் தூங்குவான்.

இன்னொண்ணு. எம்சிபி காப்பாத்துறது வயரைத்தேன், உங்களை இல்ல. உங்களைக் காப்பாத்த ஆர்சிசிபின்னு ஒண்ணு அதே பெட்டியில அகலமா ஒக்காந்திருக்கும், மேல 30 மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கும். ஒரு ஆம்பியரை ஆயிரம் கூறு போட்டா அதுல முப்பது கூறு. நம்ம ஹால்ல எரியிற 9 வாட்ஸ் பல்பு இழுக்குறதே அதை விடக் கூடுதல். ஒரு பல்பு எரியத் தேவையான கரண்டு மனுசன் நெஞ்சு வழியா ஓடுனா போதும், ஆளு முடிஞ்சான். அந்தப் பெட்டியில டெஸ்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பாருங்க. டப்புன்னு விழணும். விழலைன்னா, இல்ல அப்படி ஒண்ணு பெட்டியிலயே இல்லைன்னா, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. சுவிட்சு போர்டு சுட்டாலோ, பிளாஸ்டிக் கருகுற வாடை வந்தாலோ, ஹீட்டர் குழாயைத் தொட்டா சுருக்குன்னாலோ வீடியோ தேடாதீக. போஸ்ட்டு மரத்துல இருந்து மீட்டர் வரைக்கும் ஈபிக்காரன் சொத்து, அங்க எலக்ட்ரீசியனுக்கே சோலி கிடையாது.

வாங்கினீகளே ஒரு ட்ரில்லிங் மெஷின், அந்தப் பெட்டி நம்ம புள்ள சீர்ல வந்த பெட்டியை விடப் பெருசு. மெஷின் நல்ல மெஷின்தேன். சாமி படத்தை மாட்டிட்டு, இதை நீங்களா மாட்டினீகன்னு அவ கேட்டதும் உங்க மொகத்துல ஒரு வெளிச்சம் அடிச்சுச்சு பாருங்க, கறுப்புக் கண்ணாடி போட்டும் எனக்குக் கூசிருச்சு. முருகன் கொஞ்சம் வள்ளி பக்கமாச் சாய்ஞ்சிருக்காரு, தெய்வானை கவனிக்கிறதுக்குள்ள ரசமட்டம் வச்சு நிமித்திருங்க. அடுத்த ஓட்டை போடும்போது ஒண்ணு மட்டும் நெனப்புல வைங்க: சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலயும் நேர் கீழயும் கை வைக்காதீக. வயர் பைப்பு அந்த வழியாத்தேன் ஏறி எறங்கும். குழாய்க்கு நேரா மேலயும் கீழயும் அப்படித்தேன். தூண், பீம் பக்கம் போகவே வேணாம்.

மேல் ரூம்ல ஓதம் காத்த செவத்துக்குப் பட்டி வச்சு பெயிண்டு அடிச்சீகளே, அதைப் பாராட்ட எனக்கு வார்த்தை கிடைக்கல. பாக்க ரொம்ப லச்சணமா இருக்கு. ஐப்பசி வரைக்கும் இருக்கும். ஈரம் வர்ற வழியை அடைக்காம பெயிண்டு அடிச்சா ஈரம் பெயிண்டுக்குப் பின்னாடி ஒக்காந்து, கொப்புளிச்சு, பொருக்காக் கிளம்பி, தரையில கொட்டும். கூட்டுறது யாருங்கிறீக?

மொதல்ல ஈரம் எங்கிட்டிருந்து வருதுன்னு பாக்கணும், அதை நீங்களே பாக்கலாம். பங்குனி வெயில்லயும் செவரு ஈரமா இருந்துச்சுன்னா அது மழைத் தண்ணி இல்ல, உள்ள ஓடுற பைப்பு. ராத்திரி டேங்கு ரொம்பினதும் எல்லாக் குழாயையும் அடைச்சிட்டு, தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வைங்க. விடியக்காலம் கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்தா களவாணி பைப்புதேன். மழைக்கு மட்டும் ஒழுகுனா மொட்டமாடிக்குப் போங்க. தண்ணி போற ஓட்டையில வேப்ப எலை அடைச்சிருக்கா, கைப்பிடிச் செவரு தளத்தோட சேருற மூலை விரிஞ்சிருக்கான்னு பாருங்க. எலையை அள்ளுறது நம்ம வேலை. ஆனா சொட்டுற எடத்துக்கு நேர் மேலதேன் ஓட்டை இருக்கும்னு நம்பிச் சிமெண்டைக் கொழைச்சுக்கிட்டு ஏறாதீக. தண்ணி ஒரு மூலையில உள்ள எறங்கி, தளத்துக்குள்ளயே நடந்து, தனக்குப் பிடிச்ச எடத்துல வந்து சொட்டும். அந்தக் கால்தடத்தைப் பிடிக்கிறதுக்குத்தேன் தளம் போட்டுப் போட்டுத் தேஞ்ச கொத்தனாரு வேணும்.

ஊர்ல நம்ம பெரிய வீட்டுத் தளம் உங்களுக்கு நெனப்பிருக்கும். தேக்கு உத்திரத்து மேல செங்கலைக் குத்துவாட்டுல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு, பொம்பளையாளுக வரிசையா ஒக்காந்து கட்டையால நாள் கணக்காத் தட்டுவாக. அதுக்கு மேல தட்டோடு. மெட்ராஸ் டெரஸ்னு இன்ஜினியருக சொல்றது இதைத்தேன். இப்படிப்பட்ட தளத்துல கீறலைப் பாத்து சிமெண்டை அப்பினா, அந்தப் பட்டை தனியா விறைச்சுக்கிட்டு நிக்கும், சுண்ணாம்பு வெயிலுக்கும் மழைக்கும் அசைஞ்சு குடுக்கும், ஒட்டுன ஓரத்துலயே புதுசா விரியும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதேன் சேரும். காரைக்குடிப் பக்கம் அந்த வேலை தெரிஞ்ச கையிக இன்னும் இருக்கு, கூலி கூடத்தேன் கேப்பாக. குடுக்கலாம்.

செவத்துல மயிர்க்கீறல் விழுந்தா ஆளைக் கூப்பிட்டுக் கலவரம் பண்ணவும் வேணாம். கீறல் முடியிற ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதுங்க. சில மாசம் கழிச்சும் கோட்டைத் தாண்டலைன்னா நீங்களே பட்டி வச்சு அடைங்க. தாண்டிப் போனா, இல்ல சன்னல் மூலையில இருந்து சாய்வா அகலமா விரிஞ்சா, இல்ல கூரையில சிமெண்டு பொரிஞ்சு விழுந்து துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டினா, கொத்தனாரைக்கூட அப்புறம் கூப்பிடலாம், மொதல்ல இன்ஜினியரைக் கூப்பிடுங்க. ஹாலைப் பெருசாக்க நடுச்செவரை எடுத்துரலாம்னு சாப்பிடும்போது சொன்னீகளே, அதை இன்ஜினியர்கிட்டச் சொல்லிட்டு அவரு மொகம் போற போக்கைப் பாருங்க.

இனி சொல்றதுல கேலி இல்ல. கேஸ் வாடை வந்தா லைட்டைப் போடவும் கூடாது, எரியிற லைட்டை அமத்தவும் கூடாது. சுவிட்சுக்குள்ள வர்ற பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 1906க்குப் போன் போடுங்க. அந்தக் கேஸு காத்தை விடக் கனம், தரையோட தரையாப் படுத்துக்கெடக்கும், நின்ன மூக்குக்குப் போயிருச்சுன்னு தோணும். கசிவைப் பாக்க சோப்பு நொரை தடவுறது உண்டு. தீக்குச்சி கிழிச்சுப் பாக்குற சூரனுகளும் உண்டு.

செப்டிக் டேங்க்கை அடைப்பு எடுக்க நீங்க எட்டிக்கூடப் பாக்க வேணாம், காசு குடுத்து இன்னொருத்தனை எறக்கவும் வேணாம். 2013ல வந்த சட்டப்படி அது குத்தம். எறங்கிச் செத்தவுக குடும்பத்துக்கு முப்பது லட்சம் குடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு; உசுரு எந்தக் கோர்ட்டு சொன்னாலும் திரும்பாது. பாழுங் கெணத்துல எறங்கும் முன்னாடி அரிக்கேன் வெளக்கைக் கயித்துல கட்டி விட்டுப் பாப்போம், அணைஞ்சா எறங்க மாட்டோம். அந்த வித்தையை டேங்குல காட்டிறாதீக, அதுக்குள்ள இருக்குற வாயு தீப்பிடிக்கும். நாத்தம் கொறைஞ்சிருச்சுன்னா வாயு போயிருச்சுன்னும் இல்ல. அதுல ஒரு வாயு கூடிப்போனா மூக்கு மரத்துப்போகும். மூடியைத் திறக்குறதும் உறிஞ்சுற வண்டிக்காரவுக வேலை.

சரி, ஆளைக் கூப்பிடுறதா முடிவு பண்ணிட்டீக. அதோட உங்க வேலை முடிஞ்சுதுன்னு சோபாவுல சாயாதீக. வந்ததும் வராததுமா அவரு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, இதை யாருங்க செஞ்சதுன்னு கேப்பாரு. எந்த வீட்டுக்குப் போனாலும் கேப்பாரு, அது அந்தத் தொழில்ல பிள்ளையார் சுழி. வழக்கமா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல. உங்க வீட்டுல மட்டும் உண்மையைச் சொல்லிருங்க. எதைக் கழட்டினீக, எதை ஒட்டினீக, எது மிச்சம் கெடக்குன்னு சொன்னா அவருக்கு அரை நாள் மிச்சம், உங்களுக்கு அரைக் கூலி மிச்சம். வெக்கப்பட்டு மறைச்சா, நீங்க ஒளிச்சதைத் தேடுறதுக்கும் சேத்து நீங்கதேன் காசு குடுக்கணும்.

பாக்காமலே மொத்தத்தையும் மாத்தணும்கிறவரை ஒரு டீயைக் குடுத்து அனுப்பிருங்க. கோளாறு என்ன, எதனால வந்துச்சுன்னு கேளுங்க. வேலை தெரிஞ்சவரு காட்டிச் சொல்லுவாரு, தெரியாதவரு உங்களுக்குப் புரியாதுங்க சார்ம்பாரு. மாத்துன பழைய சாமானைக் கையில வாங்கி வைங்க. வயரிங்கா இருந்தா மின் உரிமம் வழங்கும் வாரியத்துல வயர்மேன் சர்டிபிகேட்டு வாங்கினவரான்னு கேக்குறதுல தப்பே இல்ல. செவத்தை வெட்டிப் பைப்பு பதிச்சா, பூசுறதுக்கு முன்னாடி உங்க போன்ல ஒரு படம் எடுத்து வைங்க. அந்தப் போன் நம்ம வீட்டுக்குச் செய்யப்போற பெரிய உபகாரம் அதுதேன். முழுப் பணத்தையும் முன்னாடியே குடுத்துட்டா, நாளைக்கு வர்றேங்கிறவரு அமாவாசைக்குத்தேன் வருவாரு. வேலை முடிஞ்ச பெறகு கூலியைக் கொறைச்சுப் பேசாதீக, அடுத்த தடவை போனையே எடுக்க மாட்டாரு. முக்கியமா, அவரு வேலை செய்யும்போது பின்னாடி நின்னு வீடியோவைப் போட்டுக் காட்டாதீக.

இப்ப அந்தக் குழாய் வெசயம். வால்வை அடைச்சாச்சு, ஸ்பிண்டிலும் வெளிய வந்துருச்சு, சந்தோசம். வாசரை எடுத்துக்கிட்டு வெரசாக் கடைக்குக் கெளம்புங்க. ஹார்டுவேர் கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு மிட்டாய்க் கடை இருக்கு பாருங்க, கருப்பட்டி மிட்டாய் சூடாப் போட்டுக்கிட்டு இருப்பான். கால் கிலோ போதும். சக்கரை கூடிருக்குன்னு நம்ம புள்ள என்னைய வெல்லம் பக்கமே விடமாட்டேங்குறா, வாசல்லயே பையைச் சோதிக்குறா. பொட்டலத்தை அந்த ட்ரில்லிங் மெஷின் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்துருங்க. பெட்டியை எதுக்குங்க கடைக்குத் தூக்கிட்டுப் போறீகன்னு அவ கேப்பா. பிட்டு மாத்தணும்னு சொல்லுங்க, நம்புவா.